வாடை எழும்பமுன்

ஐப்பசி பாதியாகிவிட்டது. கச்சான் ஓய்ந்து, படுவான்கரை வயல்களில் பெரும்போக விதைப்பு நடக்கிறது. இன்னும் சில கிழமைகளில் வாடை எழும்பும். பெரியகல்லாற்றுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவில் ஒரு கீற்று நிலத்தில்தான் எங்கள் குடியிருப்பு. மாரி இறங்கினால் இரண்டு பக்கத்து ஈரமும் வீட்டுக்குள் வந்துவிடும். பாய் நமுக்கும், தலையணை மணக்கும், சுவரின் அடியில் கறுப்பாய்ப் பூஞ்சணம் படரும். "மாரி எண்டா முட்டுத்தான்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது சுவரில் சாய்ந்து இரவைக் கழிப்பார். இந்த அறிவித்தல் அவர்களுக்கும் அவர்களோடு விழித்திருப்பவர்களுக்கும். மழை பிடிக்கமுன் செய்யவேண்டிய வேலைகள் இருக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். முட்டு மாரியில் பிறப்பதில்லை. ஆஸ்துமா உள்ளவரின் சுவாசக் குழாய்ச் சுவர் வெயில் காலத்திலும் உள்ளுக்குள் வீங்கியே இருக்கிறது. காற்றுப் போய்வரக் கொஞ்சம் இடம் மிச்சம் இருப்பதால் ஆள் அதை உணர்வதில்லை. வாடையின் குளிரும், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை கொண்டுவரும் தடிமனும், பூஞ்சணமும், ஈர விறகுப் புகையும் ஒன்றாய் வந்து சேரும்போது அந்த மிச்ச இடமும் அடைபடுகிறது. அன்றைக்குத்தான் மருந்தை உள்ளிழுக்கும் பம்பைத் தேடுகிறோம். கடைசியாக எப்போது அடித்தது என்றுகூட ஞாபகம் இருக்காது.

ஆகவே இன்றைக்கே அலுமாரியைத் திறந்து பம்பை எடுத்துப் பாருங்கள். பம்புகளில் இரண்டு வகை உண்டு. சல்பியூட்டமோல் பெரும்பாலும் நீல நிறத்தில் வரும். குழாயைச் சுற்றி இறுகியிருக்கும் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துவது அது. பெக்லோமெதசோன் பெரும்பாலும் கபில நிறம். சுவரின் வீக்கத்தை வற்றவைப்பது அதுதான். நிறத்தை மட்டும் நம்பவேண்டாம், கம்பனிக்குக் கம்பனி மாறும். பெயரை வாசியுங்கள். நீலம் அடித்தவுடன் நெஞ்சு லேசாகிறது, அதனால் எல்லோருக்கும் அதில் நம்பிக்கை. கபிலம் அடித்தால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, அதனால் அது அலுமாரியிலேயே கிடக்கிறது. முழுப் பலன் தரச் சில கிழமைகள் எடுக்கும் மருந்து அது. ஐப்பசியில் ஒழுங்காகத் தொடங்கினால்தான் மார்கழிக் குளிரில் கைகொடுக்கும்.

இது என்னுடைய சொந்த அபிப்பிராயம் அல்ல. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டி 2019இல் தன் பழைய பரிந்துரையையே மாற்றிக்கொண்டது. பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் நீலப் பம்பை மட்டும் தனியாகக் கொடுத்து நிறுத்தக்கூடாது, வீக்கம் குறைக்கும் மருந்தும் கூடவே வேண்டும் என்றது. பிரித்தானியாவில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் கதையை ஆராய்ந்து 2014இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. அவர்களில் 45 சதவீதமானோர் வைத்திய உதவியை நாடாமலோ, அவசர உதவி வந்து சேரமுன்போ இறந்திருந்தார்கள். வீட்டிலே நீலத்தை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கும் என்று நினைக்கும்போது மனம் பதைக்கிறது. ஒரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நீலப் பம்பில் பொதுவாக 200 அடி இருக்கும். வருடத்துக்கு மூன்று முடிகிறதென்றால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை. மாதத்துக்கு ஒன்று முடிகிறதென்றால் உயிருக்கே ஆபத்து. அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் போய்ச் சொல்லுங்கள்.

அடிக்கும் முறையையும் ஒருதரம் சரிபாருங்கள். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதட்டை இறுக மூடி, அமுக்கும்போதே மெதுவாக உள்ளிழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்திருக்கவேண்டும். கப்சூல் போட்டு இழுக்கும் கருவிக்கு இது நேர்மாறு, அதை ஒரே மூச்சில் பலமாக இழுக்கவேண்டும். அந்தக் கப்சூல் விழுங்குவதற்கானதல்ல. கபிலம் அடித்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் நாக்கில் வெண்படலம் வராது. பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும், பம்புக்கும் வாய்க்கும் இடையில் பிடிக்கும் ஸ்பேசர் குழல் கட்டாயம். அதை வாங்க வசதி இல்லாவிட்டால் அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் போதும். போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுகப் பொருந்துமாறு துளையிட்டு, இடைவெளியைப் பசையால் அடைத்து, மறுமுனையில் வாய்வைத்து இழுக்கலாம். இப்படிச் செய்த போத்தல், கடையில் விற்கும் ஸ்பேசருக்குக் குறைந்ததல்ல என்று தென்னாபிரிக்க ஆய்வொன்று 1999இலேயே காட்டிவிட்டது. கரண்ட் போன இரவில் நெபுலைசர் வேலை செய்யாது, போத்தல் வேலை செய்யும். எங்கள் மாரிக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

இனி, நாங்கள் அடையாளம் காணாமலே விட்டுவிடும் மற்ற நோய். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பது அதன் பெயர். ஆஸ்பத்திரியில் சீ.ஓ.பி.டி. என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் மட்டும் 35 இலட்சம் பேரைக் கொன்ற நோய் இது. ஆஸ்துமா பெரும்பாலும் சின்ன வயதில் தொடங்கும். வந்து வந்து போகும், இடையில் ஆள் முழுச் சுகமாய் இருப்பார். இந்த நோய் நாற்பதைத் தாண்டி மெல்ல மெல்ல ஏறும், இறங்காது. போன வருடம் கிணற்றில் பத்து வாளி அள்ளியவர் இந்த வருடம் ஐந்தோடு நின்று மூச்சு வாங்குகிறார். விடியற்காலை இருமலும் சளியும் வருடக்கணக்காய் இருக்கும். சிகரெட்டும் பீடியும் சுருட்டும் இதற்குக் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆண்களை டொக்டர் கேட்டும்விடுவார். ஆனால் வாழ்நாளில் ஒரு பீடியையும் தொடாத அம்மாமாருக்கும் இது வருகிறது. நாற்பது வருடம் விறகடுப்புக்கு முன் குனிந்து ஊதிய நெஞ்சு அது. கேட்டால், "ஒண்டுமில்ல மகன், புகை போட்ட இருமல்" என்று அடுப்படிக்குப் போய்விடுவார்கள். அந்த வார்த்தையை இனிமேல் அப்படியே விடாதீர்கள். அது நோயின் வாக்குமூலம்.

2022இல் எரிவாயு கிடைக்காமல் எத்தனையோ வீடுகள் விறகுக்குத் திரும்பின. விலையைப் பார்த்து இன்னும் மாறாத வீடுகள் இருக்கின்றன. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விறகுதான் என்றால், விறகை இப்போதே வெட்டிக் காயவைத்து, மழை படாத தாழ்வாரத்தில் அடுக்குங்கள். ஈர விறகும் நனைந்த பொச்சுமட்டையும் காய்ந்த விறகைவிடப் பல மடங்கு புகை தரும். கூரைக்கும் சுவருக்கும் இடையில் புகை போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். மழைச் சாரலுக்குப் பயந்து ஓலையாலும் சாக்காலும் அடைத்துவிடுகிறோம், புகை உள்ளேயே சுழல்கிறது. கொச்சிக்காய் வறுப்பதும் நெருப்பு மூட்டுவதும் இருமல்காரரின் வேலையாக இருக்கக்கூடாது. வீட்டு ஆம்பிளைகள் அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

நுளம்புச் சுருளையும் சொல்லவேண்டும். ஒரு சுருள் எரிந்து விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஆய்வொன்று அளந்து சொன்னது. மாரியில் டெங்குப் பயம் இருக்கிறதே என்பீர்கள், நியாயம்தான். ஆனால் டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. இரவு முழுக்கச் சுருளை எரிப்பதால் அதற்குப் பெரிய தடை இல்லை. சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு ஆகியவற்றில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்து, வலை கட்டிப் படுப்பதே டெங்குக்கும் முட்டுக்கும் மருந்து. சாம்பிராணியையும் முட்டுக்காரர் படுக்கும் அறைக்குள் காட்டவேண்டாம்.

வெளியிலிருந்தும் புகை வரும். 2022 மார்கழியில் மாண்டஸ் புயல் நேரம் இந்தியப் பக்கத்திலிருந்து அசுத்தக் காற்று இலங்கை முழுக்கப் படர்ந்தது. டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளை மூடினார்கள். அதே குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் செத்து விழுந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். அப்படி வானம் மங்கிக் குளிர் வாட்டும் நாளில் நோயாளியை வெளியே அனுப்பாதீர்கள். போயே ஆகவேண்டுமென்றால் மூக்கையும் வாயையும் மூடிச் சால்வை சுற்றுங்கள். குளிர்காற்று நேரே குழாயில் படாது.

சந்தேகம் உள்ளவர்கள் மழைக்குமுன் ஊர் ஆஸ்பத்திரியிலோ களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையிலோ காட்டுங்கள். மூச்சளவுச் சோதனைக்குத் துண்டு எழுதித் தருமாறு கேளுங்கள். முழு மூச்சையும் ஊதினால், அதில் எத்தனை பங்கு முதல் ஒரு செக்கனில் வெளியே வருகிறது என்பதைக் கருவி அளக்கும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்தபின்னும் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே என்றால் அடைப்பு நிலைத்துவிட்டது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளியைக் காசநோய்க்கும் சோதிக்கவேண்டும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. காலும் வீங்கி, மல்லாந்து படுக்கவும் முடியாவிட்டால் அது இதயத்தின் கோளாறாக இருக்கலாம். பம்பால் தீராது.

போகும்போது வீட்டிலுள்ள மருந்தெல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுபோங்கள். பிரசருக்கோ கைநடுக்கத்துக்கோ கொடுக்கும் புரோப்பிரனலோல், கண் அமுக்கத்துக்கு விடும் டிமொலோல் சொட்டு, இவை முட்டு நோயைக் கிளப்பும். அஸ்பிரின், டைக்லோபெனக் போன்ற நோமாத்திரைகளும் சிலருக்கு ஆகாது. அயலாரின் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரையை இரவல் வாங்கி விழுங்குவது எங்கள் பக்கத்தில் பழகிப்போன ஆபத்து.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு பற்றிச் சுருக்கமாக: தயிரும் வாழைப்பழமும் முட்டு நோயை உண்டாக்குவதில்லை. ஒரு குறிப்பிட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டால் அதை மட்டும் விடுங்கள். மல்லித்தண்ணி, ஆடாதோடைக் கசாயம் குடிக்கலாம். சளியை இளக்கும் புரோம்ஹெக்ஸின் என்ற மருந்து ஆடாதோடையிலிருந்து வழிவந்ததுதான். ஆனால் இறுகிய குழாயை அது திறக்காது. கொதிநீர் ஆவி முட்டுக்கு உதவாது, பிள்ளையைச் சுட்டுவிடும். பம்பு "பழகிவிடும்" என்பதும் பொய். கல்யாணப் பேச்சுக்குப் பயந்து பிள்ளையின் பம்பை ஒளிக்கும் தாய்மாருக்கு ஒன்றைச் சொல்கிறேன். பொம்பிளைப் பிள்ளை மூச்சோடு இருந்தால்தானே கல்யாணம்.

இழுப்பு வந்துவிட்டால்: நிமிர்ந்து இருத்துங்கள், படுக்கவைக்காதீர்கள். நீலத்தை ஸ்பேசரில் ஒரு அடி, நான்கு மூச்சு. இப்படி நான்கு அடி. நான்கு நிமிடம் பொறுத்து, குறையாவிட்டால் மறுபடியும் நான்கு. அதற்கும் அடங்காவிட்டால் தாமதிக்கவேண்டாம், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. அது வரும்வரை நான்கு அடியைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு வசனத்தை முழுதாய்ச் சொல்ல முடியாமல் சொல் சொல்லாய்ப் பேசுவது, உதடு நீலிப்பது, நித்திரை மயக்கம், பிள்ளையின் விலா உள்ளே இழுபடுவது, பால் குடிக்க முடியாமை, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நிமிடம் எண்ணாமல் முதலிலேயே அழைத்துவிடுங்கள். இழுப்புச் சத்தம் திடீரென்று நின்று ஆள் சோர்ந்தால் சுகம் என்று நினைக்கவேண்டாம். காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

சீ.ஓ.பி.டி. உள்ளவருக்கு மூச்சுத்திணறல் கூடி, சளியும் கூடி, அது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். கொரோனா நேரம் வாங்கிய விரல்மானி வீட்டில் இருந்தால், இவர்களுக்கு 88க்கும் 92க்கும் இடையில் ஒட்சிசன் இருப்பது போதும். வீட்டில் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் இலக்கத்தை 99 ஆக்குவதற்காகக் கூட்டித் திறக்கவேண்டாம், மூளை மயங்கிவிடும். உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்காமல் ஆட்டுமளவுக்கு மெல்ல ஊதி மூச்சுவிடப் பழக்குங்கள். மழை விட்ட நேரம் விறாந்தையிலாவது நடக்கவிடுங்கள்.

கிளினிக் கொப்பி, நீலப் பம்பு, ஸ்பேசர், டோர்ச், கொஞ்சம் காசு, இவற்றை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு வாசல் கதவின் பின்னால் மாட்டுங்கள். வெள்ளம் வந்து இரவோடிரவாய் எழும்பவேண்டி வந்தால் கை முதலில் படுமிடம் அது. பம்பின் மேல், திறந்த திகதியை மார்க்கரால் எழுதிவிடுங்கள்.