மில் வேலையும் மாதவிடாயும்

நூல் மில், பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு:

• நைட் ஷிப்ட் மாறி மாறி வந்தால் மாதவிடாய் தேதியும் மாறலாம். காலண்டரில் தேதியோடு ஷிப்டையும் குறித்து வையுங்கள்.

• கழிப்பறைக்குப் போகத் தயங்கித் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று வரலாம். குடிநீரும் கழிப்பறையும் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே வலியுறுத்தியவை.

• நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெக்கையில் ஈரம் தங்கினால் தொடை புண்ணாகும்.

• வலிக்கு யாரோ உதிரியாகத் தரும் மாத்திரையை விழுங்காதீர்கள். அட்டையில் பெயரும் காலாவதித் தேதியும் பார்த்த பிறகே போடுங்கள்.

• 21 நாளுக்குள் திரும்ப வந்தாலோ, 35 நாள் தாண்டினாலோ, 7 நாளுக்கு மேல் உதிரம் போனாலோ டாக்டரைப் பாருங்கள். எந்தப் பிரிவில் வேலை, என்ன சாயம், கெமிக்கல் கையாள்கிறீர்கள் என்பதையும் அவசியம் சொல்லுங்கள்.