சரிவுக் காணியில் முதலில் தண்ணீருக்கு வழி பாருங்கள்

கண்டி மாவட்டத்தில் கெலிஓயாப் பக்கம் காணி வாங்க வருபவர் முதலில் வீதி வசதியைக் கேட்கிறார், அடுத்து பேர்ச் என்ன விலை என்கிறார். மேல் காணியின் மழைத் தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று கேட்பவரைக் காண்பது அரிது. சரிவில் உள்ள காணிக்கு மற்ற எல்லாவற்றையும் விட அந்தக் கேள்விதான் முக்கியம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில், நாட்டிலேயே பெரும் உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டங்களில் ஒன்று கண்டி. அன்று மலை மண்ணாய்ச் சரிந்தது, மகாவலி கரை மீறியது. இனி குறைந்த நாட்களுக்குள் கூடுதல் மழை கொட்டும், இடையில் வறட்சி நீளும் என்று எண்ணித்தான் காணியைத் திட்டமிட வேண்டும். இரண்டுக்கும் தாங்கும் ஏற்பாட்டை ஒரே சூத்திரத்தில் சொல்லலாம்: வீட்டுக்கு எட்டத்தில் உள்ள தோட்டச் சரிவில் தண்ணீரை மெதுவாக்குங்கள்; வீட்டை ஒட்டி வெட்டிய மண் சுவரின் பக்கத்தில் அதைத் தேங்கவிடாமல் வெளியேற்றுங்கள். இரண்டையும் மாற்றிச் செய்தால் ஆபத்து.

தோட்டச் சரிவில்

சரிவுக்குக் குறுக்கே சமமட்டக் கோடு போடுவதே முதல் வேலை. அதற்குச் செலவில்லாத கருவி ஒன்று உண்டு. ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான இரண்டு கம்புகளைத் தலையில் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். தலையிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். நிறுத்தி வைத்து, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு கீறுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றி, மறு காலைச் சரிவின் குறுக்கே நகர்த்தி, நூல் நடுப்புள்ளியில் நிற்கும் இடங்களில் முளை அடித்துக்கொண்டே போனால் கோடு கிடைத்துவிடும்.

அந்தக் கோட்டில் கிளிசரிடியாக் கம்புகளை இரட்டை வரிசையாக நெருக்கி நடுங்கள். ஒரு வேலிக்கும் அடுத்த வேலிக்கும் உயர வேறுபாடு 1 முதல் ஒன்றரை மீற்றர் வரை இருக்கலாம். சரிவு கூடினால் வேலிகள் நெருங்கும். இடுப்பளவுக்கு வளரவிட்டு, வெட்டிய இலையைப் பயிரின் அடியில் போடுங்கள். அது மூடாக்காகவும் பசளையாகவும் உதவும். சில ஆண்டுகளில் வேலியின் மேற்பக்கத்தில் மண் படிந்து படிக்கட்டுப் போலாகும்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கான் வெட்டத் தெரியும். சரிவுக்குக் குறுக்கே மிகச் சிறிய வாட்டத்துடன் வெட்டி, உள்ளே இடையிடையே மண் தடுப்புகளை விட்டுவிடுவார்கள். தண்ணீர் ஒவ்வொரு தடுப்பாக நிரம்பி வழிய, மண் அடியில் தங்கும். அந்த மண்ணை அள்ளி மேற்பக்கப் பயிருக்கே போட வேண்டும். கான் தூர்ந்து கிடந்தால் பெருமழையில் அது ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு பாயும். அப்படிப்பட்ட கானை விடக் கானே இல்லாதிருப்பது மேல்.

இங்கே கழுவப்படும் மண் மகாவலிக்குத்தான் போகிறது. அந்த ஆற்றில் 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணைக்கட்டின் தேக்கம், 12 ஆண்டுகளில் கொள்ளளவில் நாற்பது சதவீதத்துக்கும் மேலானதை வண்டலுக்கு இழந்தது.

எதை நடுவது

ஒரே பயிரை நம்புவதன் விலையை இந்த மலைகள் ஏற்கெனவே கொடுத்துவிட்டன. காட்டை அழித்துப் போட்ட கோப்பித் தோட்டங்களை 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் அழித்தது. கண்டி வீட்டுத் தோட்டம் அதற்கு நேர்மாறானது. மேலே பலா, கித்துள், கமுகு, நடுவே கராம்பு, சாதிக்காய், கிளிசரிடியாவில் ஏறிய மிளகு, கீழே கோப்பி. பெருமழை முதலில் இலையடுக்குகளில் விழுந்து வேகம் குறைந்தே மண்ணைத் தொடும்.

இருக்கும் தோட்டத்தைத் துப்புரவாக வெட்டிவிட்டு மிளகு மட்டும் போட ஆசைப்படாதீர்கள். இடைவெளி உள்ள இடங்களில் சேர்த்து நடுங்கள். மிளகுக்கு 2.4 மீற்றர் இடைவெளி போதும். அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இஞ்சியும் மஞ்சளும் மண்ணைக் கிளறியே அறுவடையாகும் பயிர்கள். அவற்றைச் செங்குத்தான இடத்தில் போடாமல் சாக்கிலோ சமமான பாத்தியிலோ வளர்க்கலாம். பலா மரம் வெட்ட அனுமதி வேண்டும் என்பது சட்டம். அனுமதி கிடைத்தாலும் சரிவில் நிற்கும் பெரிய மரத்தை வெட்ட யோசியுங்கள். மரம் போன மறுவருடம் ஒன்றும் நடக்காது. வேர் மண்ணுக்குள் உக்கிய பிறகுதான் பிடி தளரும்.

நாற்றுக்கும் ஆலோசனைக்கும் பேராதனையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் இருக்கிறது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையும் அழைத்துக் காட்டுங்கள்.

வீட்டைச் சுற்றி

கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெறுங்கள். அதற்குப் பிறகுதான் பெக்கோவைக் கூப்பிட வேண்டும். செங்குத்தாக வெட்டிய மண் சுவரின் மேல் நீர் உறிஞ்சும் குழி, மலசலகூடக் குழி, வாழைப்பாத்தி எதுவும் வேண்டாம். மேல் விளிம்புக்குச் சற்று உள்ளே சீமெந்துக் கான் கட்டி, வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். தாங்கு சுவர் கட்டினால் அதில் நீர் கசிய துளைகள் விடுவது கட்டாயம். துளையில்லாத சுவர் பின்னால் தேங்கும் நீரின் பாரத்தாலேயே சாயும். கூரைப் பீலித் தண்ணீரைக் குழாய் வழியே கல் பாவிய ஓடைக்கு இறக்குங்கள்.

மழை நாளில்

நேர்ச் சுவருள்ள தகரப் பேணி ஒன்றை வெட்டவெளியில் வைத்து, அடிமட்டத்தால் அளந்தால் மழையின் மில்லிமீற்றர் தெரியும். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. கடந்தால் விழிப்பாக இருங்கள்; 100 கடந்தால் வெளியேற ஆயத்தமாகுங்கள்; 150 கடந்தாலோ ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ இடம் மாறுங்கள். நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு, சாயும் மரங்கள், திறக்க மறுக்கும் கதவு, திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி வரும் ஊற்று நீர் ஆகியவற்றைக் கண்டால் அளவுக்காகக் காத்திராமல் வெளியேறி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

உறுதியில் உங்கள் எல்லை தெளிவாக இருக்கும். தண்ணீர் அந்த எல்லையை மதிக்காது. உங்கள் கானின் முடிவு கீழ் வீட்டாரின் சுவராக இருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ஒக்டோபர் மழைக்கு முன் மேல் காணிக்காரரையும் கீழ் காணிக்காரரையும் சேர்த்து ஒரு முறை சரிவை நடந்து பாருங்கள். மூன்று காணியின் தண்ணீரும் பொது ஓடையைச் சேரும் ஒரே வழியைத் தீர்மானித்து, செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். தனித்தனியாக மூன்று தாங்கு சுவர் எழுப்புவதை விட அது மலிவு.