தானாக ஓடும் அம்புக்குறி: பழுது லெப்டொப்பிலா, கைப்பழக்கத்திலா?

அண்மையில் லயத்து வீடொன்றுக்குப் போயிருந்தோம். சாதாரண தரம் படிக்கும் மகள் அழுதுகொண்டிருந்தாள். கட்டுரை டைப் பண்ணும்போது எழுத்துக்கள் மேல் வரிக்குத் தாவினவாம். பிறகு ஒரு பந்தியே மறைந்துவிட்டதாம். "கடன்பட்டு வாங்கின சாமானை உடைச்சிட்டியே" என்று தகப்பனார் ஏசினார். கடைக்குக் கொண்டுபோனால் எவ்வளவு கேட்பார்களோ என்று தாய்க்குக் கவலை.

பிள்ளையை மறுபடியும் டைப் பண்ணச் சொல்லிப் பார்த்தோம். பெருவிரல் டச்பேட் மேலேயே கிடந்தது. காரணம் அதுதான்.

டச்பேட்டை அழுத்தத் தேவையில்லை. நம் விரலில் மின்சாரம் கடக்கும் தன்மை உண்டு. விரல் பட்டவுடன் உள்ளே ஏற்படும் சிறு மின் மாற்றத்தை அது கண்டுகொள்ளும். சும்மா பட்ட விரலையும் சில வேளை தட்டியதாக எடுத்துக்கொள்ளும். விரல் தட்டி இழுபட்டால் எழுத்துக்கள் தெரிவாகிவிடும். அடுத்த எழுத்தை அடித்ததும் அவ்வளவும் அழியும்.

என்ன செய்யலாம்?

1. எழுதியது அழிந்தால் பதற வேண்டாம். வேறெதையும் அடிக்காமல், கண்ட்ரோல் கட்டையைப் பிடித்தபடி இசட்டை அடியுங்கள். திரும்பி வரும்.

2. டச்பேட்டை தடித்த அட்டையால் மூடிவிட்டுப் பத்து வரி டைப் பண்ணுங்கள். தொல்லை நின்றால் மெசினில் பழுதில்லை, கைதான் படுகிறது.

3. விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ், டிவைசஸ், டச்பேட் என்று போங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், புளூடூத் அன்ட் டிவைசஸ், டச்பேட். அங்கே சென்சிட்டிவிட்டி என்பதை 'லோ' ஆக்குங்கள். பழைய லெப்டொப் சிலவற்றில் இது மவுஸ் செட்டிங்ஸில் இருக்கும்.

4. அம்புக்குறியை ஒரே விரலால் நகர்த்துங்கள். இன்னொரு விரலும் கிடந்தால் இரண்டு விரல் என்று எண்ணிப் பக்கம் உருளும்.

5. யாரும் தொடாமலே அம்புக்குறி துடித்தால், ஈரத்தைத் துடைத்துவிட்டு சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அப்போது அடங்கினால் கோளாறு சார்ஜரிலோ வயரிங்கிலோ இருக்கலாம். அதைத்தான் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல் நுனியை டச்பேட் சில வேளை உணராது. "எனக்கு இதெல்லாம் வராது" என்று ஒதுங்காதீர்கள். விரலின் சதைப் பகுதியைத் தட்டையாக வையுங்கள். அல்லது மவுஸ் ஒன்றைப் பொருத்துங்கள். குறை உங்களிடம் இல்லை.

அன்று அட்டையை வைத்ததும் எழுத்து ஓடவில்லை. போன பந்தியும் திரும்பி வந்தது. தகப்பனார் தேத்தண்ணி ஊற்றி மகளிடம் நீட்டினார். பெற்றோரே, பிள்ளையை ஏசுமுன், கடைக்காரருக்குக் காசு கொடுக்குமுன், முதலில் விரல் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்.