நச்சுக் குறைந்த சோபாவைத் தேர்ந்தெடுத்தல்

புதிய சோபா ஒன்று வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கும்போது அதனுடன் ஒரு வாடையும் வந்து இறங்குகிறது. அதனைப் புதுப்பொருளின் மணம் என்று கருதும் வீட்டார் சில நாள்களில் மறந்துவிடுகின்றனர். மூக்கு பழகிப்போவதால் வாடை நீங்கிவிட்டதாகத் தோன்றுகிறதே அன்றி, வாடைக்குக் காரணமான பொருள்கள் காற்றில் கலப்பது அத்துடன் நின்றுவிடுவதில்லை. அவற்றுள் சில மாதக்கணக்கிலும், வேறு சில ஆண்டுக்கணக்கிலும் வெளிவந்து கொண்டிருக்கின்றன. வாடையே இல்லாமல் வெளிவருவனவும் உண்டு.

கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் துணியின் நிறத்தையும், அமர்ந்து பார்த்து மெத்தையின் மென்மையையும், இறுதியில் விலையையும் ஆராய்கின்றனர். ஆனால் ஒரு சோபாவில் கண்ணுக்குத் தெரியும் பொருள் மேலுறை ஒன்றே. அதற்குள் மரச்சட்டம், பலகை, பலகையை இணைக்கும் பசை, நுரை மெத்தை, நுரையைச் சட்டத்துடன் ஒட்டும் பசை, மரத்தின் மீது பூசிய மெருகு ஆகியவை மறைந்து கிடக்கின்றன. உடல்நலத்தைப் பற்றிய கேள்விகளில் முக்கியமானவை யாவும் இந்த மறைந்த பொருள்களைப் பற்றியவையே. அவற்றை அறிந்துகொள்ள எளிய வழி, சோபாவைத் திறந்து பார்ப்பதாகும். பகுதிபகுதியாகப் பிரித்துச் சேர்க்கக்கூடிய மாடுலர் சோபாக்கள் இவ்விஷயத்தில் வாங்குவோருக்குப் பெரிதும் துணைபுரியக் கூடும். எல்லா மாடுலர் சோபாக்களும் அவ்வாறு துணைபுரிவதில்லை என்பதையும் உடனே கூறிவிட வேண்டும்.

பலகையும் பசையும்

விலை குறைந்த சோபாக்களின் அடித்தட்டும் பக்கங்களும் பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகையாலோ, மரச்சில்லுகளை அழுத்திச் செய்த பலகையாலோ ஆனவை. இவற்றில் மரத்தை மரத்துடன் பிணைப்பது பெரும்பாலும் யூரியா-பார்மால்டிஹைடு பசையாகும். யூரியாவும் பார்மால்டிஹைடும் சேர்ந்து, வெப்பத்தால் இறுகிக் கெட்டியாகும் இப்பசை மலிவானது, நிறமற்றது, விரைவில் இறுகுவது. இதன் குறைபாடு, இறுகியபின்னும் ஈரத்தாலும் வெப்பத்தாலும் அதன் பிணைப்புகள் சிறிது சிறிதாக அவிழ்ந்து பார்மால்டிஹைடு வாயுவைத் திரும்ப வெளிவிடுவதாகும். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, இருமல் ஆகியன இவ்வாயுவின் உடனடி விளைவுகள். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ஆம் ஆண்டில் இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வகுப்பில் சேர்த்தது. வீட்டுக்குள் ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கலாகாது என்பது, அரை மணி நேரச் சராசரியாக, உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட அளவாகும்.

இங்கு இந்திய நாட்டில் வாங்குவோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் 'இ-1' என்னும் ஐரோப்பியத் தரம், பலகையை 23 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலும் 45 சதவீத ஈரப்பதத்திலும் அறையொன்றில் வைத்துச் சோதித்து அளிக்கப்படுவது. கொச்சியிலோ கட்டக்கிலோ சென்னையிலோ கோடைக்கால நண்பகலில் ஒரு வீட்டின் கூடம் 35 டிகிரியை எட்டுவதும், ஈரப்பதம் 70 சதவீதத்தைக் கடப்பதும் அரிதன்று. பலகைகளைப் பற்றிய சோதனைகளிலிருந்து வகுக்கப்பட்ட கணக்கின்படி, 23 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏறும்போதே காற்றில் சேரும் பார்மால்டிஹைடு ஏறத்தாழ இருமடங்காகிறது. 35 டிகிரியில் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. ஈரப்பதத்தின் விளைவு இதற்கு மேற்பட்டது. எனவே குளிர்நாட்டு முத்திரையைப் பெற்ற பலகை இந்நாட்டு வெப்பத்திலும் அதே அளவில் அடங்கி நிற்கும் என்று எண்ணுவது பிழையாகும். முத்திரை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. முத்திரை பெற்ற பலகையைவிட முத்திரையே இல்லாத பலகை மேலும் கேடானதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

பீனால்-பார்மால்டிஹைடு பசையால் ஒட்டிய பலகை இக்குறையிலிருந்து பெரிதும் விடுபட்டது. அதன் பிணைப்பு நீராலும் வெப்பத்தாலும் எளிதில் அவிழாது. ஆகவே வெளிவிடும் வாயுவும் மிகக் குறைவு. கடற்பயன் பலகை எனப்படும் ஐ.எஸ். 710 தரத்துப் பிளைவுட் இவ்வகைப் பசையால் ஒட்டப்படுவது. ஐ.எஸ். 303 தரத்தில் இரு பிரிவுகள் உண்டு. கொதிநீரைத் தாங்கும் பிரிவைக் கேட்டு வாங்குவதே நன்று, ஈரத்தை மட்டும் ஓரளவு தாங்கும் பிரிவு பெரும்பாலும் யூரியாப் பசையுடையது. பீனால் பசை கருஞ்செந்நிறமாக இருப்பதால் பலகையின் வெட்டு விளிம்பில் மெல்லிய கரிய கோடுகளாகத் தென்படும். ஆயினும் நிறம் மட்டுமே சான்றாகாது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தர எண்ணும் பலகையிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

வெட்டு விளிம்பைப் பற்றி மற்றொன்றும் கூற வேண்டும். பலகையின் பரப்பைவிட அதன் வெட்டுண்ட விளிம்பிலிருந்தே, அளவுக்கு அளவு, மிகுதியாக வாயு வெளிப்படுகிறது. ஒரே சட்டத்தாலான சோபாவை நான்கு தனிப் பகுதிகளாகச் செய்தால் விளிம்புகளின் மொத்த நீளம் பெருகுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பக்கப் பலகைகளும் தேவைப்படுகின்றன. ஆகவே மலிவான சில்லுப் பலகையால் செய்த மாடுலர் சோபா, அதே பலகையால் செய்த சாதாரண சோபாவைவிட வீட்டுக் காற்றை அதிகம் கெடுக்கக் கூடும். விளிம்புகள் யாவும் பட்டை ஒட்டியோ மெருகு பூசியோ மூடப்பட்டுள்ளனவா என்பதை அடிப்பக்கத்தைக் கவிழ்த்துப் பார்த்தறிய வேண்டும். கடைக்காரர் கவிழ்க்கத் தயங்கினால், அத்தயக்கத்தையே ஒரு விடையாகக் கொள்ளலாம்.

முழு மரத்தாலான சட்டத்தில் இத்தொல்லை மிகக் குறைவு. தேக்கு வாங்க இயலாதோருக்கு ரப்பர் மரம் ஏற்றது. பால் வற்றிய மரங்களைக் கேரளத்தில் வெட்டி, பூச்சி அரிக்காதிருக்க வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்து, சூளையில் உலர்த்தி விற்கின்றனர். போரான் உப்புகள் ஆவியாகிக் காற்றில் கலப்பவை அல்ல. மரப் பாதுகாப்பில் உலகெங்கும் புகழ்பெற்ற செம்பு-குரோமியம்-ஆர்செனிக் கலவையை 1933-இல் கண்டறிந்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோந்தி காமேசம் என்பது நினைவுகூரத்தக்கது. கம்பங்களுக்கும் வெளியிடத் தூண்களுக்கும் அக்கலவை அரும்பயன் அளித்தது. ஆனால் ஆர்செனிக் கலந்த மரத்துக்கு வீட்டினுள் அமரும் இருக்கையில் இடமில்லை. மெருகிலும் தேர்வு உண்டு. தின்னர் கலந்து தெளிக்கும் மெருகு நெடுநாள் வாடை வீசும். சாராயத்தில் கரைத்த அரக்கு மெருகோ சில நாள்களில் உலர்ந்து அடங்கிவிடும். ஆனால் சூடான குவளையை வைத்தால் அதில் வெண்தடம் விழும்.

மெத்தையும் அதில் சேர்த்தவையும்

இன்று விற்பனையாகும் சோபாக்களில் பெரும்பாலானவற்றின் மெத்தை, 1937-இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவருடன் பணிபுரிந்தோரும் கண்டறிந்த பாலியுரேத்தேன் வகையைச் சேர்ந்த நுரையாகும். இதனைச் செய்யப் பயன்படும் ஐசோசயனேட்டு கொடிய பொருள். ஆனால் நன்கு செய்யப்பட்ட நுரையில் அது வினைபுரிந்து தீர்ந்துவிடுவதால், தொழிற்சாலைத் தொழிலாளருக்குரிய அபாயம் வீட்டில் அமர்வோருக்கு அதே அளவில் இல்லை. வீட்டாருக்குக் கவலை தருவது நுரையில் சேர்க்கப்படும் தீத்தடுப்பு இரசாயனங்களே.

இவற்றின் வரலாறு படிப்பினை மிக்கது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1975-இல், சோபாவின் நுரை ஒரு சிறு சுடரைப் பன்னிரண்டு விநாடி தாங்க வேண்டும் என்று விதித்தது. அவ்விதிக்கு இணங்க உற்பத்தியாளர் புரோமின் கலந்த பொருள்களை நுரையில் பெருமளவு சேர்த்தனர். பெரிய சந்தையை இழக்க மனமின்றி, மற்ற மாநிலங்களுக்கும் அதே நுரையையே அனுப்பினர். இப்பொருள்கள் நுரையுடன் இரசாயன முறையில் பிணைந்தவை அல்ல. நுரையில் கலந்து கிடப்பவை மட்டுமே. ஆகவே அவை மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் படிகின்றன. தரையில் தவழ்ந்து, விரலை வாயில் வைக்கும் குழந்தை பெரியவர்களைவிட மிகுதியாக இவற்றை உட்கொள்ள நேரிடுகிறது. டியூக் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அமெரிக்க வீடுகளிலிருந்து பெற்ற 102 சோபா நுரை மாதிரிகளில் 85 சதவீதத்தில் தீத்தடுப்பு இரசாயனங்கள் காணப்பட்டன. அவற்றுள் ஒன்று, 1970-களில் குழந்தைகளின் இரவு உடைகளிலிருந்து நீக்கப்பட்ட குளோரினேற்றிய டிரிஸ் என்னும் பொருள். உடைக்கு ஆகாதென விலக்கிய பொருள் இருக்கைக்குள் புகுந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டது. கலிபோர்னியா 2013-இல் தன் விதியைத் திருத்தி, நுரைக்குச் சுடர்ச் சோதனை தேவையில்லை, கனலும் நெருப்பை மேலுறை தாங்கினால் போதும் என்று மாற்றிற்று. 2020 முதல் புதிய மெத்தைச் சாதனங்களில் இவ்வகைப் பொருள்களை ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்ப்பதையே தடை செய்தது.

இந்திய அரசும் 2018-இல் வெளியிட்ட நீடித்த கரிம மாசுகள் பற்றிய விதிகளின்படி, நுரைகளில் சேர்க்கப்பட்டுவந்த பென்டா வகைப் புரோமின் சேர்மம் உள்ளிட்ட ஏழு இரசாயனங்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் உபயோகத்தையும் தடுத்தது. புதிய நுரையைப் பற்றிய கவலை இதனால் குறைகிறது. ஆனால் பழைய நுரைத் துண்டுகளைப் பொடித்து ஒட்டிச் செய்யும் பலவண்ணத் திட்டு நுரையில் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று விற்பவராலும் கூற இயலாது. குழந்தைகள் உள்ள வீட்டில் அதனைத் தவிர்ப்பதே அறிவுடைமை. நுரையின் தரத்தைக் கடைகளில் டென்சிட்டி என்னும் எண்ணால் குறிப்பர். 32 என்றால் ஒரு கன மீட்டர் நுரை 32 கிலோகிராம் என்று பொருள். எடையைக் கூட்டச் சுண்ணப்பொடி கலப்பதும் உண்டாதலால், விரல்களுக்கிடையே கசக்கினால் பொடி உதிரும் நுரையை எண் எதுவாயினும் நம்பலாகாது.

இந்நாட்டிலேயே விளையும் மாற்றுப் பொருள்களை நகரத்து வாங்குவோர் மறந்துவிட்டனர் என்றே கூற வேண்டும். சுருட்டிய தென்னை நாரின் மீது இயற்கை ரப்பர்ப் பாலைத் தெளித்து வெப்பத்தால் இறுக்கிச் செய்யும் ரப்பர் நார்த் தகடு, காற்று புகுந்து செல்வது, உறுதியானது, விலையும் அதிகமன்று. அது சற்றுக் கடினமாக இருப்பதால் அதன்மேல் இரண்டு அங்குல இயற்கை ரப்பர் நுரையை இட்டால் அமர இதமாகும். ரப்பர்ப் பாலில் உள்ள புரதம் ஒவ்வாதவர் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும். சாய்வுத் திண்டுகளுக்கு இலவம் பஞ்சு ஏற்றது. போடிநாயக்கனூரிலிருந்து மெத்தை வாங்கி வந்த தலைமுறைக்கு அதன் குணத்தை விளக்க வேண்டியதில்லை. காலப்போக்கில் அமுங்கிவிடுவதால், ஆண்டுக்கு ஒருமுறை வெயிலில் இட்டுத் தட்டி எடுக்க வேண்டும்.

மேலுறையைப் பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. கறை ஒட்டாது என்று விளம்பரம் செய்யப்படும் துணிகளில் எளிதில் சிதையாத புளோரின் சேர்மங்கள் பூசப்பட்டிருக்கலாம். துவைக்கக்கூடிய உறைக்கு அப்பூச்சே தேவையில்லை. ரெக்சினை மென்மையாக்கும் தாலேட்டுகள் வெயிலில் கசிந்து பிசுபிசுக்கும். நெருக்கமாக நெய்த கனமான பருத்தித் துணி பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது.

பிரித்தலின் பயன்

மாடுலர் சோபா என்ற பெயரில் இருவகைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, தனித்தனிப் பகுதிகளாக இருந்தாலும் ஒவ்வொரு பகுதியும் நுரை, துணி, பலகை யாவும் பசையாலும் ஊசிகளாலும் நிரந்தரமாக மூடப்பட்டது. அது இடம் மாற்ற வசதியானதே தவிர, வேறு வகையில் சாதாரண சோபாவே. மற்றொன்றில் உறை ஜிப்பால் கழலும். மெத்தை தனியே வெளிவரும். சட்டம் திருகாணிகளால் இணைந்திருக்கும். இவ்விரண்டாம் வகையில்தான் வாங்குபவர் ஜிப்பைத் திறந்து நுரையைக் கண்ணால் காணலாம், கசக்கலாம், முகரலாம். பலகையின் முத்திரையைப் படிக்கலாம். பசைக்குப் பதில் திருகாணி இருப்பதால் கரைப்பான்களின் ஆவியும் குறைகிறது. எட்டாண்டுகளுக்குப்பின் ஒரு மெத்தை மட்டும் அமுங்கினால் அதனை மட்டும் மாற்றி, அப்போது தென்னை நாருக்கோ ரப்பர் நுரைக்கோ மாறிக்கொள்ளலாம். குறுகிய மாடிப்படிகளில் ஏற்றுவதும் வாடகை வீடு மாறுவதும் எளிதாகும் என்பது எல்லோரும் அறிந்ததே.

சான்றிதழ்களைக் காட்டும்போது, அச்சான்று எந்தப் பகுதிக்குரியது என்று கேட்க வேண்டும். ஓகோ-டெக்ஸ் என்னும் சான்று துணிக்கு அளிக்கப்பட்டிருந்தால் பலகையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. நுரைக்குரிய சான்று பசையைப் பற்றிப் பேசாது. முழுச் சாதனத்தையும் அறையில் வைத்துக் காற்றைச் சோதித்து அளிக்கும் கிரீன்கார்டு போன்ற சான்று இவற்றினும் மேலானது.

வாங்கி வந்த சோபாவின் உறைகளையும் மெத்தைகளையும் கழற்றி, ஜன்னல்களைத் திறந்து வைத்த அறையிலோ தாழ்வாரத்திலோ இரண்டு மூன்று வாரம் காற்றாட விடுவது நல்லது. குளிர்சாதனப் பெட்டியை இயக்கி மூடி வைத்த படுக்கையறையில் முதல் நாளே இடுவது மிகத் தவறான முறையாகும். தரைத் தூசியை உலர்ந்த துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத் துணியால் துடைத்தெடுத்தால், தூசியில் படிந்தவை குழந்தையின் கைக்குச் செல்வது குறையும்.

இறுதியாக, வெளியேற்றப்படும் பழைய சோபாவைப் பற்றி ஒரு சொல். பல ஆண்டு உழைத்த நுரை மஞ்சளித்துத் தூளாக உதிரும்போதுதான் அதில் சேர்ந்திருந்த பொருள்கள் மிகுதியாகக் கிளம்புகின்றன. அதனைத் தெருவில் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஐதரசன் சயனைடும் வெளிப்படும். மெத்தை தைக்கும் கடைகளில் நாள்தோறும் பத்துச் சோபாக்களைக் கிழித்துப் பிரிக்கும் தொழிலாளி, வீட்டார் பத்தாண்டில் சுவாசித்ததைச் சில மணி நேரத்தில் சுவாசிக்கக் கூடும். பழைய சோபாவை அவரிடம் கொடுக்கும்போது, நுரையை முன்னதாகவே ஈரத் துணியால் போர்த்திப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவதும், வாயையும் மூக்கையும் மூடும் நல்ல முகக்கவசம் ஒன்றை உடன் தருவதும் பெருஞ்செலவு அன்று.