ஊர் வழக்கமும் தர்ம வழியும்

அய்யா துணை

‘ஊரோடு ஒக்க ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு’ என்பது பெரியவர்கள் சொல்லும் பழமொழி. ஊரே ஓடினால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதே என்பது பொருள். வெள்ளமோ தீயோ வரும்போது அது உயிரைக் காக்கும். ஊரே சேர்ந்து அநீதியின் பக்கம் ஓடினால் என்ன செய்வது? மனிதர் ஏன் ஊர் வழக்கத்துக்குப் பணிகிறார்கள் என்று தெரிந்தால்தான் அய்யா வைகுண்டர் செய்த மாற்றத்தின் அருமை விளங்கும்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் தென்திருவிதாங்கூரில் சான்றோர் மக்களும் தாழ்த்தப்பட்ட பிற சாதியாரும் பட்ட பாடு பெரிது. பெண்கள் தோள்சீலை அணியக் கூடாது. குடத்தை இடுப்பில் சுமக்கக் கூடாது. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. செருப்பும் குடையும் யாருக்கும் கிடையாது. கூலியில்லா ஊழியமும் தலைவரியும் வேறு. இத்தனைக்கும் மக்கள் பணிந்து நடந்தார்கள்.

முதற்காரணம் அச்சம். மீறினால் அடியும் தண்டனையும் நிச்சயம். இரண்டாவது பழக்கம். தாய் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, ஒதுங்குவதே இயற்கை என்று நினைத்தது. மூன்றாவது தனிமை. ‘இது அநியாயம்’ என்று ஒவ்வொருவர் மனமும் குமுறினாலும், பக்கத்து வீட்டாரின் மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணி அவரும் வாயடைத்தார். நான்காவது மிகக் கொடியது. மேலே இருப்பவரிடம் குனிந்தவரும் தமக்குக் கீழே ஒருவரைக் கண்டு ஆறுதல் அடைந்தார். அதனால் தீண்டாமையால் நொந்தவரே பிறரைத் தீண்டாமல் விலக்கினார்.

இது அக்காலத்து மக்களிடம் மட்டும் இருந்த பலவீனம் அன்று. 1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியல் அறிஞர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, அதற்குச் சமமான நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று கேட்டார். கூட இருந்தவர்கள் எல்லாரும் முன்பே பேசிவைத்தபடி தவறான விடை சொன்னார்கள். சரியான விடை கண்ணெதிரே தெரிந்தும், நான்கில் மூன்று மாணவர்கள் ஒருமுறையாவது அந்தத் தவறையே திருப்பிச் சொன்னார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னதும், மாணவர்கள் அப்படிப் பணிவது வெகுவாகக் குறைந்தது. ஒருவருடைய துணை அவ்வளவு பெரியது.

அய்யா அந்தத் துணையை ஆயிரமாயிரம் பேருக்கு உண்டாக்கினார். வெறும் உபதேசத்தோடு அவர் நிற்கவில்லை. முத்திரிக்கிணற்றில் பதினெட்டுச் சாதியாரையும் ஒன்றாக நீராடச் செய்து, சேர்ந்து உண்ண வைத்தார். வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்களைத் துவையல் தவசில் ஒன்றாக இருத்தினார். தலைப்பாகை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு பணிவிடைக்கு நிற்கச் செய்தார். தனியே கட்டியிருந்தால் அடி விழுந்திருக்கும். எல்லாரும் கட்டியபோது புது வழக்கம் பிறந்தது. அய்யா வைகுண்டம் சென்றது 1851இல். நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்து அரசாணை வந்ததோ 1859இல். அந்த ஆணைக்கு முன்பே பதியில் தலைகள் நிமிர்ந்துவிட்டன.

வழக்கங்கள் எல்லாம் தீயவை அல்ல. பந்தியில் எல்லாரும் சமமாக அமர்வதும் வழக்கம்தான். ஒரு வழக்கம் யாரையாவது தாழ்த்துகிறதா என்பதே உரைகல். கொடுக்கும் வீட்டாருக்கு மனமில்லாமல், ‘ஊர் என்ன சொல்லும்’ என்று கடன் வாங்கிக் கொடுக்கும் சீதனம் அந்த உரைகல்லில் நிற்குமா? பதியில் ஒன்றாக உண்டுவிட்டு, வீட்டு விசேஷத்தில் சாதி பார்ப்பது நிற்குமா? மற்றவர் கட்டுகிறார்கள் என்பதற்காக மட்டும் கட்டினால் தலைப்பாகையும் வெறும் துணிதான். பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்பவர் தம் முகத்தைப் பார்த்து இவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊர் முழுவதும் மாறட்டும் என்று ஒவ்வொரு வீடும் காத்திருந்தால் எந்த வீடும் மாறாது. ‘சீதனம் வேண்டாம்’ என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் வாய்திறந்து சொன்னால், அதே எண்ணத்தோடு தயங்கி நிற்கும் அடுத்த வீட்டாருக்கு அது துணையாகும்.

அய்யா உண்டு.