என்ஜின் நின்னு நின்னு போகுதா? காரணம் கண்டுபிடிக்கக் கற்போம்!



கடற்கரை ஊர்க் குழுக்களில் "என்ஜின் வேலைக்கு" என்று கடன் கேட்பது நமக்குப் புதிதல்ல. என்ஜின் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், கடன் நம் பெயரில் இருக்கும். தவணை கட்டுவதும் நாம்தான். ஆனால் என்ன கோளாறு என்று கேட்டால், "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று சொல்லிவிடுகிறோம். காசு நம்முடையது, கடலில் இருப்பது நம் வீட்டு உயிர். அப்படியிருக்க இது எப்படி அவர்கள் சமாச்சாரம் மட்டும் ஆகும்?

குளச்சல், முட்டம் பக்கம் பைபர் வள்ளங்களின் பின்புறம் மாட்டி ஓட்டும் பழைய மண்ணெண்ணெய் மோட்டாரை வைத்தே இந்தப் பாடத்தைப் படிப்போம்.

என்ஜினும் அடுப்பு மாதிரிதான். அடுப்பு எரிய விறகு, காற்று, நெருப்பு மூன்றும் வேண்டும். என்ஜினுக்கு எண்ணெய், காற்று, பிளக்கில் வரும் தீப்பொறி. இதில் ஒன்று குறைந்தாலும் நின்றுவிடும். சூடு தணிக்கக் கடல்நீரும் உள்ளே ஓட வேண்டும்.

எப்படி நின்றது?

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் வீட்டுக்காரரிடமோ மகனிடமோ இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதிலில் பாதி விடை இருக்கிறது.

1. திணறித் திணறி நின்றதா? எண்ணெய் சரியாக வரவில்லை என்று சந்தேகப்படலாம்.

2. சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றதா? கரண்டுப் பக்கம் பாருங்கள். பிளக் மூடி கழன்றிருக்கலாம், ஒயர் உப்புப் பிடித்திருக்கலாம். என்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் நழுவியிருந்தாலும் இப்படித்தான் நிற்கும்.

3. வேகமாக ஓடுகிறது, மெதுவாக வைத்தால் மட்டும் நிற்கிறதா? கார்புரேட்டரில் உள்ள சின்னத் துவாரம் அடைத்திருக்கலாம்.

4. சூடானதும் நின்று, ஆறினதும் ஓடுகிறதா? தண்ணீர் சுற்றவில்லை அல்லது கரண்டுக் காயில் பழுது என்று பார்க்க வேண்டும்.

5. கயிற்றை இழுத்தால் அசையவே இல்லையா? பலவந்தமாக இழுக்க வேண்டாம். உள்ளே பிஸ்டன் பிடித்திருக்கலாம். இது மெக்கானிக் வேலை.

காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை

டேங்க் மூடி: மூடியில் காற்றுப் போகும் திருகு இருக்கும். அது மூடியிருந்தால் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். திறந்து விட்டால் பழையபடி ஓடும். இதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

ரப்பர் பந்து: எண்ணெய் டியூபில் கையால் அமுக்கும் பந்து இருக்கும். அதில் உள்ள அம்புக்குறி என்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். ஓடும்போது பந்து சப்பிப் போனால் டேங்க் பக்கம் அடைப்பு. எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகவில்லை என்றால் டியூபில் எங்கோ காற்று புகுகிறது. அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் ஓடுகிறது என்றால் என்ஜினின் எண்ணெய் பம்ப்பில் பழுது இருக்கலாம்.

தண்ணீர் கலப்பு: அடி எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தங்கும்.

பிளக்: கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் எண்ணெய் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, பொறி இல்லை அல்லது எண்ணெய் அதிகமாகிவிட்டது. கரி அப்பியிருந்தால் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

தண்ணீர்த் தாரை: ஓடும்போது பின்பக்கம் சின்னத் துவாரத்தில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் புகும் இடத்தைப் பிளாஸ்டிக் பை அடைத்திருக்கும், அல்லது பம்ப்பின் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கும்.

மண்ணெண்ணெய் மோட்டாருக்குத் தனிக் கவனம்

பெட்ரோலில் கிளப்பி, நன்றாகச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் நின்றுவிடும். கரைக்கு வரும்போது, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். இல்லையென்றால் மறுநாள் விடியக்காலை கயிறு இழுத்தே கை ஓய்ந்து போகும்.

டூ-டி ஆயிலைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. நம் மோட்டாருக்கு எது என்று கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். கூடினால் கரி, குறைந்தால் பிஸ்டனே போய்விடும்.

ஜாக்கிரதை!

* பெட்ரோல் உள்ள இடத்தில் அடுப்பு, பீடி, தீக்குச்சி கூடாது. டியூபை வாயால் உறிஞ்சக் கூடாது.
* கரையில் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது. டிரம்மில் தண்ணீர் நிரப்பி, காற்றாடியைக் கழற்றிவிட்டு, கியர் போடாமல் ஓட்டிப் பாருங்கள்.
* கடலுக்குப் போகும்போது மாற்றுப் பிளக், ஸ்பேனர், கயிறு, துடுப்பு, நங்கூரம், குடிதண்ணீர், உயிர்காப்புச் சட்டை படகில் இருக்கட்டும்.
* கடலோரக் காவல்படை எண் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் எண் 1093. போனில் சிக்னல் இருந்தால்தான் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்ஜினுக்கும் ஒரு நோட்டு

நம் குழுவில் பைசா விடாமல் கணக்கு எழுதுகிறோம் அல்லவா? அதேபோல என்ஜினுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். எந்தத் தேதியில் நின்றது, எப்படி நின்றது, என்ன சாமான் மாற்றினோம், எவ்வளவு ஆச்சு என்று எழுதுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்தில் மூன்று முறை பிளக் மாற்றியிருந்தால், கோளாறு பிளக்கில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று நோட்டே சொல்லிவிடும்.

10,000 ரூபாய் கடனுக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி மட்டும் 100 ரூபாய். ஒரு டியூப் கிழிசலுக்காக இந்தக் கடன் தேவையா என்று பார்க்க வேண்டாமா? அதே சமயம், நிஜமாகவே பழுதான என்ஜினை "சமாளிச்சுக்கலாம்" என்று கடலுக்கு அனுப்பவும் கூடாது. அப்போது கடன் கொடுப்பதுதான் சரி.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் என்ஜின் இருக்கிறது? எத்தனை பேருக்கு நோட்டு இருக்கிறது?
2. பழுதுக் கடன் மனுவுடன் அந்த நோட்டையும் காட்ட வேண்டும் என்று தீர்மானம் போடலாமா?
3. பிளக், டியூப், ரப்பர் பந்து ஆகியவற்றைக் குழுவே மொத்தமாக வாங்கி வைக்கலாமா?

படித்ததோடு நிறுத்தாமல், இந்த வாரமே கரைக்குப் போய் அந்த டேங்க் மூடியைத் தொட்டுப் பாருங்கள் சகோதரிகளே!