வேகன் எண்ணை வைத்துப் பரீட்சைக்குப் படிப்பது

லாலாகுடாவில் 1893-இல் நிஜாமின் ரயில்வே தொடங்கிய பெட்டிப் பட்டறை இன்றும் இயங்குகிறது. அங்கிருந்து தார்நாகாவைத் தாண்டினால் 1918-இல் உருவான உஸ்மானியா பல்கலைக்கழகம். இந்த வட்டாரத்து ரயில்வே குடும்பங்களிலிருந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு நாலெட்ஜ் ரெப்ரசன்டேஷன் ஒரு பேப்பரிலும், இன்ஃபர்மேஷன் தியரி வேறொரு பேப்பரிலும் வருகின்றன. ஒன்றை வரையறைகளின் அடுக்காகவும் மற்றதைச் சூத்திரங்களின் அடுக்காகவும் மனப்பாடம் செய்துவிட்டு, பரீட்சை முடிந்த வாரமே இரண்டையும் மறக்கிறார்கள். இந்தப் பிரிவினைதான் படிப்பைக் கனமாக்குகிறது என்பது என் அனுபவத்தில் உறுதிப்பட்ட கருத்து. இரண்டு பாடங்களும் கேட்பது ஒரே கேள்வி: பெறுபவருக்கு எது ஏற்கெனவே தெரியும், எதை அவரே வருவித்துக்கொள்வார், மீதம் எதைச் சொல்லியாக வேண்டும்? இந்தக் கேள்வியை உள்ளூர்ப் பொருள் ஒன்றின்மீது போட்டுக் கையால் கணக்குச் செய்து பார்ப்பவர், பத்து வருடக் கேள்வித்தாள்களைப் புரட்டியவரைவிட நன்றாக எழுதுவார்.

அதற்கு நான் பரிந்துரைக்கும் பொருள், சரக்கு வேகனின் பக்கத்தில் எழுதியிருக்கும் 11 இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை. அடுத்த இரண்டு, அது எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. அடுத்த இரண்டு, தயாரான ஆண்டு. பிறகு நான்கு இலக்கத்தில் தனி எண். கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். இதை மார்வின் மின்ஸ்கி 1974-இல் முன்வைத்த ஃப்ரேமாக வரைந்து பாருங்கள். வகை என்ற ஸ்லாட் நிரம்பியதும், வேகன் மூடியதா திறந்ததா, எவ்வளவு சுமை தாங்கும் என்பதெல்லாம் மேலே உள்ள வகை ஃப்ரேமிலிருந்து தாமாக இறங்கிவிடும். ஒவ்வொரு வேகனுக்கும் தனியாகச் சேமிக்க வேண்டாம். இன்ஹெரிட்டன்ஸ் என்பது இதுதான். இனி, குறிப்பிட்ட ஒரு வேகனுக்கு மட்டும் சுமை வரம்பைக் குறைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். அதன் சொந்த ஃப்ரேமில் எழுதிய மதிப்பு மேலிருந்து வந்த மதிப்பை வெல்லும். புதிய செய்தி வந்ததால் பழைய முடிவு விலகும். நான்-மோனோடோனிக் ரீசனிங் பற்றிய கேள்விக்கு, பறக்காத பறவை என்ற தேய்ந்த உதாரணத்தைவிட இது தெளிவாக எழுத வரும்.

அதே எண்ணின் கடைசி இலக்கம் நம்மை இன்ஃபர்மேஷன் தியரிக்குள் கொண்டுபோகிறது. இரட்டை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்க வேண்டும். ஒற்றை இடத்து இலக்கங்களின் கூட்டுத்தொகையை அதனுடன் சேர்க்க வேண்டும். பத்தின் அடுத்த மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் 11-ஆம் இலக்கம். 3106124138 என்று ஒரு கற்பனை எண்ணை எடுப்போம். இரட்டை இடங்களில் 1, 6, 2, 1, 8. கூட்டினால் 18, மூன்று மடங்கு 54. ஒற்றை இடங்களில் 3, 0, 1, 4, 3, கூட்டினால் 11. மொத்தம் 65, ஆகவே சரிபார்ப்பு இலக்கம் 5. பத்து இலக்கங்களுக்கும் சம வாய்ப்பு என்றால் ஓர் இலக்கத்தின் எண்ட்ரோபி ஏறத்தாழ 3.32 பிட். ஆனால் முன்னுள்ள பத்தும் தெரிந்தபின் இந்த 5-இன் எண்ட்ரோபி பூஜ்யம். கண்டிஷனல் எண்ட்ரோபிக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. புதிதாக எதுவும் சொல்லாத இலக்கத்தை எதற்காக எழுத வேண்டும்? வழியில் எண் கெட்டுப்போகலாம் என்பதற்காக. எந்த ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தாலும் இந்த முறை காட்டிக்கொடுக்கும், ஏனெனில் மூன்றுக்கும் பத்துக்கும் பொதுக் காரணி இல்லை. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிபடும். கற்பனை எண்ணின் 4, 1 இடம் மாறினால் மொத்தம் 71 ஆகிறது, தேவையான இலக்கம் 9, பிழை தெரிந்துவிடும். ஆனால் கடைசி 3, 8 இடம் மாறினால் மொத்தம் 55, சரிபார்ப்பு இலக்கம் மறுபடியும் 5! வித்தியாசம் 5 ஆக இருக்கும் ஜோடிகள் எல்லாம் இப்படித் தப்பிவிடும். ஆதார் எண்ணில் உள்ள வெர்ஹாஃப் முறை இந்த ஓட்டையையும் அடைக்கிறது. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டவர், ரிடண்டன்சி என்பது வீண் என்று விடைத்தாளில் எழுதமாட்டார்.

சிக்னலுக்கு வருவோம். பச்சை, இரட்டை மஞ்சள், மஞ்சள், சிவப்பு என நான்கு நிலை. நான்குக்கும் சம வாய்ப்பு என்றால் எண்ட்ரோபி 2 பிட். வாய்ப்புகள் 1/2, 1/4, 1/8, 1/8 என்று வைத்துக்கொண்டால் 1.75 பிட், 0, 10, 110, 111 என்ற ஹஃப்மன் குறியீட்டின் சராசரி நீளமும் சரியாக அதே 1.75. டேவிட் ஹஃப்மன் எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது, இறுதித் தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரை எழுதலாம் என்று பேராசிரியர் ராபர்ட் ஃபேனோ தந்த வாய்ப்பில் பிறந்தது இந்த முறை, 1952-இல் வெளியானது. ஆனால் நான் நின்று பேச விரும்புவது சிக்னலின் வேறொரு பக்கம். டிராக் சர்க்யூட்டில் தண்டவாளம் வழியே மின்சாரம் ஓடி ரிலேயை இழுத்துப் பிடித்திருக்கும். ரயில் வந்தால் அதன் சக்கரங்கள் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, ரிலே விழும், சிவப்பு எரியும். கம்பி அறுந்தாலும் ரிலே விழும், சிவப்புதான். ரேமண்ட் ரைட்டர் 1978-இல் எழுதிய குளோஸ்டு வேர்ல்டு அசம்ப்ஷன், நிரூபிக்க முடியாததைப் பொய் என்று கொள் என்கிறது. ‘பாதை காலி’ என்பதைச் சேமித்துவைத்து இந்த விதியைப் போட்டால், செய்தி வராதபோது பாதை காலியில்லை என்று முடிவாகும், ரயில் நிற்கும். ‘பாதையில் ரயில் இருக்கிறது’ என்பதைச் சேமித்து அதே விதியைப் போட்டால், கம்பி அறுந்த நாளில் பாதை காலி என்று முடிவாகும், உயிர் போகும். விதி மாறவில்லை, சேமித்த வாக்கியம் மட்டும் மாறியது. ரெப்ரசன்டேஷன் ஏன் முக்கியம் என்ற பத்து மார்க் கேள்விக்கு இந்த ஒன்றை விரித்து எழுதினாலே போதும்.

திருத்துபவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும், சொந்த உதாரணத்துக்கு யார் மார்க் போடுவார் என்று கேட்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. அதனால்தான் இரண்டு மார்க் கேள்வியில் வரையறையோடு நிறுத்துங்கள் என்கிறேன். பெரிய கேள்வியில் வரையறை, சூத்திரம், படம் மூன்றையும் முதலில் குறிப்பில் உள்ளபடியே வைத்துவிட்டு, உதாரணத்தைப் பிறகு கொண்டுவாருங்கள். உதாரணம் வரையறைக்கு மாற்று அல்ல. வரையறையின் ஒவ்வொரு சொல்லும் எங்கே பொருந்துகிறது என்று காட்டும் வேலைதான் அதற்கு. கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றனவே, அவற்றை மட்டும் படித்தால் பேக்லாக் இல்லாமல் தேறலாமே என்பது அடுத்த வாதம். தேறலாம். ஆனால் 2024-இல் அறிமுகமான கேட் டேட்டா சயன்ஸ் - ஏ.ஐ. தாளில் எண்ணை நேரடியாக விடையாக எழுதும் கேள்விகள் உண்டு; தேர்ந்தெடுக்க விருப்பங்கள் இருக்காது. அங்கே மனப்பாடம் துணைக்கு வராது. நேரமில்லை என்பவர்களுக்கு என் பதில், ஒரு வேகனும் ஒரு சிக்னலும் இரண்டு பேப்பர்களின் பல யூனிட்டுகளுக்கு உழைக்கின்றன என்பதுதான். தலைப்புக்கு ஒரு புதிய உதாரணம் தேடுவதில்தான் நேரம் போகிறது.

எல்லாத் தலைப்பும் இதற்குள் அடங்கிவிடாது. காஸியன் சேனலின் கொள்ளளவைத் தருவிப்பதற்கும், ப்ரெடிகேட் லாஜிக் வாக்கியத்தைக் கிளாஸ் வடிவத்துக்கு மாற்றி ரெசல்யூஷன் செய்வதற்கும் வேகன் எண் உதவாது. அவற்றைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெள்ளைத்தாளில் முதல் வரியிலிருந்து எழுதிப் பழக வேண்டும். எந்த வரியில் பேனா நிற்கிறதோ அந்த வரிக்கான பக்கத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, மறுபடியும் முதல் வரியிலிருந்தே தொடங்க வேண்டும்.